ஆல் சீசன் டயரா, கோடை டயரா? திருத்தணி வெயிலுக்கு எது தாங்கும்? எஸ்.யு.வி. வைத்திருப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருத்தணி,

ஆடிக்கிருத்திகை நெருங்கிவிட்டால் திருத்தணிக்கு வரும் சாலைகள் எல்லாம் வாகன வெள்ளம்தான். சென்னையில் இருந்து கனகம்மாசத்திரம் வழியாகவும், அரக்கோணம் பக்கம் இருந்தும், ஆந்திராவில் இருந்து நகரி, பொன்பாடி வழியாகவும் காவடியோடு பக்தர்கள் வந்து குவிகிறார்கள்.

முன்பெல்லாம் பஸ், வேன்தான். இப்போது பொலிரோ, ஸ்கார்ப்பியோ, இன்னோவா என்று பெரிய வண்டிகளை வாடகைக்கு பேசிக்கொண்டு குடும்பத்தோடு வருவது சாதாரணமாகிவிட்டது. ஏழு பேர் உட்காரும் வண்டியில் ஒன்பது பேர், கூரை மேல் மூட்டை, விடிய விடிய ஓட்டம். முருகனை கும்பிட்டுவிட்டு அப்படியே திருப்பதி.

அத்தனை பேர் உயிரையும் தாங்குவது நாலு டயர். அதிலும் ரோட்டை தொடுவது ஒவ்வொரு டயரிலும் ஒரு கை அகலம்தான்.

அந்த டயரை மாற்றப்போகும் வண்டிக்காரர்களிடம் இப்போது ஒரு புது சந்தேகம் வந்திருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களை பார்த்துவிட்டு, "ஆல் சீசன் டயர் போட்டா எல்லா காலத்துக்கும் தாங்குமாமே, அதையே போட்டுடலாமா?" என்று கேட்கிறார்கள். கோடை டயர் என்று ஒன்று இருக்கிறதே, அது வெயில் காலத்துக்கு மட்டும்தானா என்றும் கேட்கிறார்கள்.

பேரை வைத்து முடிவு செய்தால் ஏமாந்து போவோம். ஏன் என்பதை பார்ப்போம்.

பேரில்தான் குழப்பம்

கோடை டயர், ஆல் சீசன் டயர், பனிக்கால டயர் என்ற பிரிவு எல்லாம் பனி கொட்டும் நாடுகளுக்காக வந்தது. அங்கே கோடை என்றால் நம்ம ஊர் கத்திரி வெயில் கிடையாது. 7 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கும் காலம் எல்லாம் அவர்கள் கணக்கில் கோடை டயர் ஓடும் காலம்.

அந்த கணக்குப்படி பார்த்தால் திருத்தணியில் வருடம் 365 நாளும் கோடைதான். மார்கழி மாதம் விடியற்காலையில் போர்த்திக்கொண்டு டீக்கடைக்கு போனாலும் நம்ம ஊர் குளிர் 7 டிகிரி பக்கம் போவதில்லை.

குளிர் அதற்கு கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் கட்டை மாதிரி இறுகிவிடும். பிடிமானம் போய்விடும். அதனால் பனிக்காலத்துக்கு மெதுவான ரப்பரில், பட்டன் முழுக்க மெல்லிய கீறல்கள் போட்டு தனி டயர் செய்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை டயரை மாற்றும் வேலை வேண்டாம் என்பவர்களுக்காக, இரண்டுக்கும் நடுவில் வந்ததுதான் ஆல் சீசன்.

ஜெர்மனியில் பனி, உறைபனி ரோட்டில் சாதாரண டயரோடு ஓட்டினால் அபராதம். 2010-ம் ஆண்டில் இருந்து இந்த விதி கண்டிப்பாக இருக்கிறது. 2024 அக்டோபர் 1-ந்தேதி முதல், மூன்று சிகரமும் நடுவில் பனித்துளியும் உள்ள முத்திரை போட்ட டயர் மட்டும்தான் அங்கே பனிக்கு ஏற்றதாக கணக்கில் வரும்.

ஆக, ஆல் சீசன் என்ற பேரில் உள்ள 'எல்லா சீசன்' என்பதில் முக்கியமான சீசனே பனிதான். நமக்கு அது தேவையே இல்லை.

வெயிலில் என்ன ஆகும்?

சித்திரை, வைகாசியில் திருத்தணி வெயில் 100 டிகிரியை தாண்டுவது தினசரி செய்தி. தமிழ்நாட்டில் அதிக வெயில் பதிவாகும் ஊர் பட்டியலில் வேலூரோடு திருத்தணி பேரும் அடிக்கடி வரும். காற்றே அப்படி என்றால் தார் ரோடு இன்னும் பல டிகிரி கூடுதலாக கொதிக்கும்.

அந்த ரோட்டில் குளிருக்காகவும் சேர்த்து செய்த மெது ரப்பர் இன்னும் மெதுவாகிவிடும். பிரேக் அடிக்கும்போது பட்டன்கள் நெளியும். வண்டி நிற்கும் தூரம் கூடும். சீக்கிரம் தேயும்.

கோடை டயர் ரப்பர் சூட்டிலும் விறைப்பாக நிற்கும். காய்ந்த ரோட்டிலும், வெதுவெதுப்பான மழை ரோட்டிலும் பிரேக் நன்றாக பிடிக்கும். கோடை டயர் மழைக்கு ஆகாது என்று நினைப்பது தவறு. அதற்கு ஆகாதது பனிதான், மழை இல்லை.

ஆக, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கேள்வி என்றால் பதில் சுலபம். திருத்தணிக்கு கோடை ரக ரப்பர்தான் சரி.

கடையில் கேட்கவேண்டியது வேறு

ஆனால் நம்ம ஊர் டயர் கடையில் போய் கோடை டயர் கொடுங்க என்றால் யாருக்கும் புரியாது. இங்கே விற்பது பெரும்பாலும் நம்ம சூட்டுக்கு ஏற்ற ரப்பரில் செய்ததுதான். எஸ்.யு.வி. டயரை இங்கே வேறு விதமாக பிரிக்கிறார்கள்.

எச்.டி.: தார் ரோட்டுக்கானது. பட்டன் நெருக்கமாக இருக்கும். சத்தம் குறைவு. மைலேஜ் அடிவாங்காது. பிரேக் நன்றாக பிடிக்கும்.

ஏ.டி.: தார் ரோடு பாதி, மண் ரோடு பாதி என்று ஓடும் வண்டிக்கு. பட்டன் பெரிது, இடைவெளி அதிகம். கல் குத்தினாலும் ஓரளவு தாங்கும். ஆனால் டயர் கனமாக இருக்கும், தார் ரோட்டில் இரைச்சல் போடும், டீசல் கூடுதலாக குடிக்கும். மழையில் நனைந்த தார் ரோட்டில் எச்.டி. அளவுக்கு நிற்காது.

எம்.டி.: முழுக்க சேறு, காடு மேட்டுக்கு. வாடகை வண்டிக்கு இது வேண்டவே வேண்டாம்.

சென்னை, திருப்பதி, அரக்கோணம், திருவள்ளூர் என்று தார் ரோட்டிலேயே ஓடும் வண்டிக்கு எச்.டி. போதும். திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்கு கரும்பு போகும் காலத்தில் வயல் பாதை, சேறு, மண் ரோடு என்று தினமும் இறங்கி ஏறும் வண்டி என்றால் ஏ.டி. பிரயோஜனப்படும். பார்ப்பதற்கு முரட்டுத்தனமாக இருக்கிறது என்பதற்காக ஏ.டி. போட்டுக்கொண்டு ஹைவேயில் ஓட்டுவது காசுக்கு கேடு.

இதில் இன்னொரு விஷயம். சில எஸ்.யு.வி. டயர்களில் 'எம் பிளஸ் எஸ்' என்று அச்சிட்டிருக்கும். சேறு, பனி என்பதன் சுருக்கம் அது. பட்டன் இடைவெளியை வைத்து கம்பெனியே போட்டுக்கொள்ளும் அடையாளம். அதற்காக தனியாக பரிசோதனை கிடையாது. அது இருப்பதால் டயர் மோசமும் இல்லை, உசத்தியும் இல்லை. அதை காட்டி "இது ஆல் சீசன், விலை கூட" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் நடந்தது

வெயிலும் டயரும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு உலகத்துக்கே பாடமாக அமைந்தது ஒரு சம்பவம்.

2000-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் கம்பெனி சுமார் 65 லட்சம் டயர்களை திரும்பப் பெற்றது. போர்டு எக்ஸ்புளோரர் என்ற எஸ்.யு.வி. வண்டிகளில் அதிகமாக பொருத்தப்பட்டிருந்த டயர்கள் அவை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டன் உள்ள மேல் பகுதி உரிந்து வந்தது. உயரமான வண்டி என்பதால் உருண்டது. 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

விபத்துகள் அதிகம் நடந்தது டெக்சாஸ், புளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மாநிலங்களில். டயர் தயாரிப்பில் குறை இருந்தது. அதோடு, அந்த வண்டிக்கு சொல்லப்பட்ட காற்று அளவே 26 பி.எஸ்.ஐ.தான். குறைந்த காற்று, நிறைய பாரம், வேகம், வெயில் எல்லாம் ஒன்று சேர்ந்தது.

அதன் பிறகுதான் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும் கருவியை புது கார்களில் கட்டாயமாக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தது. இன்று நம்ம ஊர் வண்டிகள் பலவற்றிலும் அந்த விளக்கு இருக்கிறது. அது எரிந்தால் கோவில் போய் பார்த்துக்கலாம் என்று விடக்கூடாது.

காற்றை குறைப்பது பெரிய தப்பு

நம்ம ஊரில் ஒரு பழக்கம் உண்டு. வெயில் காலத்தில் காற்று விரியும், டயர் வெடிக்கும் என்று பயந்து நாலு பாயிண்ட் குறைத்து ஓட்டுவார்கள். டயர் வெடிக்க இதைவிட சுலபமான வழி வேறு இல்லை.

காற்று குறைந்த டயர், சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கவாட்டில் மடங்கி மடங்கி நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் சூடேறுவது மாதிரி ரப்பரும் சூடேறும். உள்ளே இருக்கும் இரும்பு கம்பி அடுக்கும் ரப்பரும் பிரிய ஆரம்பிக்கும். ஒரு கட்டத்தில் டமார்.

ஓடி சூடான டயரில் சில பி.எஸ்.ஐ. கூடுவது இயல்பு. அதை கணக்கில் வைத்துத்தான் கம்பெனி அளவு சொல்கிறது. சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. காலையில் வண்டி எடுக்கும் முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும்.

எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்க கதவை திறந்தால் தூணில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். அதில் இரண்டு அளவு இருக்கும். ஆள் குறைவாக போகும்போது ஒன்று, முழு பாரத்துக்கு ஒன்று. கோவிலுக்கு குடும்பத்தோடு போகும்போது முழு பார அளவுதான் சரி. பலர் இரண்டாவது அளவை பார்ப்பதே இல்லை.

நைட்ரஜன் பிடித்தால் டயர் சூடே ஆகாது என்பதும் சரியில்லை. சாதாரண காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாக இறங்கும், ஈரம் இருக்காது, அவ்வளவுதான். அளவு சரியாக இருந்தால் சாதாரண காற்றே போதும்.

டயரில் எழுதியிருப்பதை படிப்பது எப்படி?

டயர் பக்கவாட்டில் 235/65 ஆர் 17 104 எச் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 235 என்பது அகலம், மில்லி மீட்டரில். 65 என்பது அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 17 என்பது ரிம் அளவு, அங்குலத்தில்.

அடுத்து வரும் 104-ஐத்தான் பலர் கவனிப்பதில்லை. அது பாரத்துக்கான எண். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ. 95 என்றால் 690 கிலோதான். காற்று சரியாக இருந்தால்தான் இந்த கணக்கு.

கடைசி எழுத்து வேகம். எஸ் என்றால் 180 கி.மீ., டி என்றால் 190, எச் என்றால் 210. நாம் அந்த வேகத்தில் போகப்போவதில்லையே என்று நினைக்கலாம். வேக எழுத்து உயர்ந்த டயர் அதிக சூட்டையும் தாங்கும் என்பதுதான் விஷயம். எனவே கம்பெனி கொடுத்த டயரில் இருந்த பார எண், வேக எழுத்து இரண்டுக்கும் கீழே இறங்கி வாங்கக்கூடாது. விலை 500 ரூபாய் குறைகிறது என்று கீழே இறங்கினால் ஆபத்து.

பிறந்த தேதி முக்கியம்

டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்கு பிறகு கடைசியில் நாலு எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரான டயர். அதுதான் டயரின் பிறந்த தேதி.

ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். வீட்டு வாசலில் வெயிலில் நிற்கும் வண்டி, பட்டன் தேயாமலே டயர் கெட்டுப்போகும். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு தெரியும். 5 வருடம் தாண்டினால் ஒவ்வொரு வருடமும் கடையில் காட்டவேண்டும். 10 வருடம் ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடவேண்டும்.

ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். வண்டி வாங்கிய நாளில் இருந்து அடியிலேயே தொங்கும் ஸ்டெப்னியை நம்பி நடுராத்திரி நகரி தாண்டி போகிறவர்கள் உண்டு. சில புது வண்டிகளில் ஸ்டெப்னியே இருக்காது. காற்று காட்டும் கருவியும், பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்று 2020-ம் ஆண்டு மத்திய அரசு விதியை தளர்த்தியது. அப்படிப்பட்ட வண்டியில் போவோர் அந்த கிட் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்க்கவேண்டும்.

மழைக்கு பட்டன்தான் காவல்

ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும். ஆடி, ஆவணியிலும் மாலை நேரத்தில் இடி மழை கொட்டும். டயர் கால்வாய்கள் அந்த தண்ணீரை வெளியே தள்ளவேண்டும். பட்டன் தேய்ந்து போனால் தண்ணீர் வெளியேற வழி இல்லை. வேகமாக போனால் டயர் தண்ணீர் மேல் மிதக்கும். ஸ்டீரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது.

மோட்டார் வாகன விதிப்படி காருக்கு பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்கு குறையக்கூடாது. கால்வாய்க்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். பட்டன் அந்த மேடு அளவுக்கு தேய்ந்துவிட்டால் டயர் முடிந்தது. அதுவும் சட்டம் சொல்லும் கடைசி எல்லைதான். 3 மில்லி மீட்டர் வந்ததுமே மழைக்கு முன் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

மொட்டை டயரில் கத்தியால் புது கால்வாய் வெட்டி விற்பதும் நடக்கிறது. அதில் இரும்பு கம்பிக்கு மேல் ரப்பரே இருக்காது. கார் டயருக்கு இது எமன்.

இரண்டு டயர் மட்டும் வாங்க காசு இருந்தால் புதியதை பின்னால் போடவேண்டும். ஸ்டீரிங் முன்னால்தானே இருக்கிறது என்று பலர் முன்னால் போடுகிறார்கள். முன் டயர் வழுக்கினால் வேகத்தை குறைத்து சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும்.

பக்கத்து ஊரில் தயாராகிறது

டயருக்கு நாம் எங்கேயோ போகவேண்டியது இல்லை. அரக்கோணம் அருகே இச்சிபுத்தூரில் எம்.ஆர்.எப். தொழிற்சாலை பல வருடங்களாக இயங்கி வருகிறது. ஒரகடத்தில் அப்பல்லோவும், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே. டயரும் தொழிற்சாலை வைத்திருக்கின்றன. நம்ம வெயிலும் ரோடும் தெரிந்து செய்யும் டயர் இருக்கும்போது, பனி நாட்டு பேரை தேடி அலைய அவசியம் இல்லை.

எந்த கம்பெனியானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கவேண்டும். 2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் புது கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக குறைக்கப்பட்டது. எனவே பில் கேட்டு வாங்கினால்தான் அந்த குறைவு கைக்கு வரும். உத்தரவாதமும் பில் இருந்தால்தான்.

வாடகைக்கு பேசுவோர் கவனத்துக்கு

சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு இது எதற்கு என்று நினைக்கவேண்டாம். வண்டிக்குள் உட்காருவது நாம்தான். வாடகை பேசும்போது ஏ.சி. இருக்கா என்று கேட்கிறோம். "அண்ணே, டயர் எப்போ மாத்துனீங்க?" என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். தப்பே இல்லை.

கிளம்பும் முன் பார்க்கவேண்டியவை:

* நாலு டயரிலும் பட்டன் இருக்கிறதா? ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா?
* பக்கவாட்டில் வெடிப்பு, வீக்கம் உண்டா? வீக்கம் இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.
* கடைசி நாலு எண் எந்த வருடம்?
* ஸ்டெப்னி, ஜாக்கி இருக்கிறதா? ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?
* காற்று காலையில் பார்த்தார்களா?

வழியில் டயர் வெடித்துவிட்டால் டிரைவர் செய்யவேண்டியது ஒன்றுதான். பிரேக்கை போட்டு அழுத்தக்கூடாது. ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கி பிடித்து நேராக வைத்து, ஆக்சிலேட்டரில் இருந்து மெல்ல காலை எடுத்தால் வண்டி தானாக வேகம் குறையும். பிறகு ஓரம் கட்டலாம். வண்டியில் எல்லோரும், பின் சீட்டில் இருப்பவர்களும், பெல்ட் போட்டிருந்தால் பாதி ஆபத்து குறையும்.

மலைக்கோவிலுக்கு வண்டியில் ஏறி இறங்குவோர், இறங்கும்போது சின்ன கியரில் இறங்கவேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்த சூடு ரிம் வழியாக டயருக்கும் ஏறும். இறங்கியதும் உடனே திருப்பதிக்கு விரட்டாமல் கொஞ்ச நேரம் நிறுத்தி, டீ குடித்துவிட்டு கிளம்பினால் டயருக்கும் நல்லது, டிரைவருக்கும் நல்லது.

ஆல் சீசனா, கோடை டயரா என்ற கேள்விக்கு திருத்தணியில் பதில் இதுதான்: சூடு தாங்கும் எச்.டி. டயர், கம்பெனி சொன்ன பார எண், வயசாகாத ரப்பர், முழு பாரத்துக்கு உரிய காற்று. இதில் கடைசியாக சொன்ன காற்றுக்கு செலவு ரொம்ப சொற்பம். அதை பார்க்காமல் விட்டுத்தான் புது டயரையும் வெடிக்க வைக்கிறோம்.